பல்லைப் பிடுங்குவதற்கு முன்

நம் வீடுகளில் பல் நோவுக்கு மட்டும் எல்லோரும் வைத்தியர்கள். ஜுரம் என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். வயிற்று நோவு என்றால் ஓமம், பெருங்காயம் என்று தொடங்கி மூன்றாம் நாளாவது டாக்டரிடம் வந்து சேர்வார்கள். பல் என்றாலோ, வீட்டுப் பெரியவர் முதல் பால் ஊற்றுகிறவர் வரையில் அனைவரிடமும் ஒரே மருந்துதான்: "பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாயிருங்கள்." தலைவலிக்காக யாரும் தலையை எடுத்துவிடச் சொல்வதில்லை. பல்லின் விஷயத்தில் அந்தத் தயவு கிடையாது. முப்பத்திரண்டு இருக்கின்றனவே என்ற தாராளம் போலும்.

சென்ற வருஷம் இந்த ஆலோசனை எனக்கே வந்து சேர்ந்தது. என்னுடையது கடைவாய்ப் பல்லாயிருந்தால் நானும் தலையசைத்திருப்பேன். அது மேல்வரிசையின் முன்பல். நானோ தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன். வகரம் பிறக்க வேண்டுமானால் மேற்பல்லும் கீழுதடும் பொருந்த வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்திருக்கிறார். தகர நகரங்களுக்கு நாவின் நுனி மேற்பல்லின் அடியை நாட வேண்டும். இருபது வருஷமாக நான் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிவரும் பாடம் இது. வகுப்பில் நுழைந்து "வணக்கம்" என்ற ஒரு சொல்லைத் திருத்தமாகச் சொல்ல முடியாத தமிழாசிரியனை மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பதை, ஒரு காலத்தில் மாணவனாயிருந்த எவரும் ஊகித்துக்கொள்ளலாம். பொய்ப்பல் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருக்கும் பல்லைக் காப்பாற்ற வழியிருக்கிறதா என்று பார்த்த பிறகல்லவா அந்தப் பேச்சு?

அந்தப் பல்லின் சரித்திரம் சுருக்கமானது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். பல் விழவில்லை, ஒரு மூலை மட்டும் உடைந்தது. பத்து வருஷங்களுக்குப் பிறகு அது சாம்பல் நிறமாக மாறிற்று. விழுந்த அன்றே உள்ளேயிருந்த நரம்பும் இரத்த நாளமும் செத்துப் போய்விட்டன என்றும், செய்தி வெளியே தெரிய அத்தனை காலம் ஆயிற்றென்றும் அப்போது பார்த்த பல் வைத்தியர் சொன்னார். அவர் பல்லின் உட்குழாயைச் சுத்தம் செய்து அடைத்தார். இதைத்தான் ரூட் கனால் சிகிச்சை என்று எல்லோரும் சொல்கிறோம். பிறகு வேருக்குள் ஒரு சிறு உலோகத் தண்டை நிறுத்தி, அதன்மேல் வெள்ளை உறை ஒன்றைப் பொருத்தினார். பன்னிரண்டு வருஷம் அந்தப் பல் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள், அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் மிளகளவு ஒரு கொப்புளம் தோன்றிற்று. அழுத்தினால் உடைந்து வாயில் உப்புச் சுவை தட்டும். இரண்டு நாளில் மறைந்துவிடும். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வரும். நோவு என்பது எள்ளளவும் இல்லை. ஆகவே எட்டு மாத காலம் நான் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. உப்பு நீரில் வாய் கொப்பளித்தேன், கிராம்பு மென்றேன். கொப்புளம் மறைந்தபோதெல்லாம் கிராம்பின் மகிமையைக் குறித்துப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் பிரசங்கமும் செய்தேன்.

முடிவில் என் மனைவியின் வற்புறுத்தலின் பேரில் ஒரு டாக்டரம்மாளிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர். பல் வேர்ச் சிகிச்சையில் மேற்படிப்புப் படித்துவிட்டு எங்கள் ஊரிலேயே வைத்தியம் செய்கிறார். ஒரு வருஷம் முழுவதும் "வாயை மூடு" என்று நான் அதட்டிய பெண், "நன்றாக வாயைத் திறங்கள், சார்" என்று சொன்னபோது, காலம் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

"வலி இருக்கிறதா, சார்?"

"இல்லவே இல்லை, அம்மா. அதுதான் ஆச்சரியம்."

"அதுதான் சார் இதில் மோசம். சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டது. அதனால்தான் வலியில்லை. வீட்டுச் சாக்கடை அடைபட்டால் முற்றத்தில் தேங்கும், உடனே கவனிப்போம். கொல்லைப்புறமாக ஒழுகிக்கொண்டிருந்தால் வருஷக்கணக்கில் யாரும் பார்க்கமாட்டோம். அப்படித்தான் இது."

பிறகு அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊசி போன்று மெல்லிய, வளையக்கூடிய இளஞ்சிவப்புக் குச்சியொன்றை எடுத்து, கொப்புளத்தின் வாய்க்குள் மெதுவாகச் செலுத்தினார். அது நோவின்றித் தானாகவே வழி கண்டுபிடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. அப்படியே எக்ஸ்-ரே எடுத்தார். படத்தில் அந்தக் குச்சி வெள்ளைக் கோடாக வளைந்து சென்று, பல் வேரின் நுனியில் ஒரு கரிய வட்டத்துக்குள் முடிந்திருந்தது. குற்றவாளியின் வீட்டுக்கே சென்று கதவைத் தட்டியது போல! கரிய வட்டம் என்பது எலும்பு கரைந்துபோன இடம். பட்டாணியளவு இருக்கும்.

அந்தக் குச்சி கட்டாபர்ச்சா என்ற பொருளாலானது. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பிகளைப் போட்டபோது, கம்பியில் கடல்நீர் படாமல் காத்தது இந்தப் பால்தான். கோல்ப் பந்தும் இதனால் செய்தார்கள். பல்லின் குழாயை அடைப்பதற்கும் இன்றுவரை இதுவே பயன்படுகிறது. என் பல்லுக்குள்ளும் பன்னிரண்டு வருஷமாக இது இருந்துவந்திருக்கிறது. ஒரு காலத்தில் கண்டங்களுக்கிடையே செய்தி போகக் காவலிருந்த பொருள், என் வாயில் கிருமிகளைத் தடுக்க முடியாமல் தோற்றது எப்படி?

நான் கேட்டதற்கு டாக்டரம்மாள் சொன்ன விளக்கத்தையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பல் வேருக்குள் இருப்பது புல்லாங்குழல் போன்ற ஒரே நேர்க்குழாய் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஸூரிச் நகரத்தில் வால்டர் ஹெஸ் என்ற பல் வைத்தியர், ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டிப்படுத்தி, பிறகு பல்லை மட்டும் அமிலத்தில் கரைத்துவிட்டு, உள்ளிருந்த குழாயின் அச்சைத் தனியே எடுத்துப் பார்த்தார். அவருடைய ஆராய்ச்சி ஆங்கிலத்தில் 1925-ல் வெளியாயிற்று. அந்த அச்சுக்களைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். குழாய் கிளைக்கிறது, கிளைகள் மறுபடியும் சேருகின்றன, பக்கவாட்டில் மயிரிழை போன்ற வாய்க்கால்கள் ஓடுகின்றன. வேரின் நுனியை நெருங்கும்போது இந்தப் பிரிவு அதிகம். காவேரியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரே ஆறாக வருவது, கல்லணைக்குக் கீழே வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி என்று பிரிந்து பிரிந்து கடலை நோக்கிப் போகிறதல்லவா? வேரின் நுனியும் அத்தகைய டெல்டாதான். மேலேயிருந்து கருவியைச் செலுத்திச் சுத்தம் செய்கிறவர் எவ்வளவு சாமர்த்தியசாலியாயிருந்தாலும், பெரிய ஆற்றைத் தூர் எடுக்கலாம். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் போய் வருவது அசாத்தியம். அங்கே தங்கிவிட்ட கிருமிகள் ஒரு பாசிப்படலமாக ஒட்டிக்கொண்டு, ஆகாரம் குறைந்தாலும் வருஷக்கணக்கில் உயிரோடிருக்க வல்லவை.

கிருமிகள்தாம் காரணம் என்பதிலே சந்தேகமில்லை. 1965-ல் அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள், கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளின் பற்களையும், சாதாரண எலிகளின் பற்களையும் ஒரே மாதிரித் துளைத்து விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளின் பல்லில் உள்நரம்பு அழுகி வேர் நுனியில் சீழ் கட்டிற்று. கிருமியில்லாத எலிகளின் பல்லிலோ, துளை வழியாக ஆகாரம் போய் அடைத்துக்கொண்டும்கூட, காயம் தானே ஆறித் துளையும் மூடிக்கொண்டது.

இந்தக் காரணத்தாலேயே மாத்திரைகளால் இதற்கு நிரந்தரமான பயன் இல்லை. செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? கிருமி நாசினி மாத்திரை ஐந்து நாள் சாப்பிட்டால் வீக்கம் வடியும். ஆறாம் வாரம் கொப்புளம் திரும்பிவிடும். முகம் வீங்கி ஜுரம் வந்தால் மாத்திரை அவசியமே. ஆனால் அதைச் சிகிச்சை என்று எண்ணி மருந்துக்கடையில் தாமாகவே மாதாமாதம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியிலேயே ஒருவர் உண்டு.

அப்படியானால் என்ன செய்வது? சாதாரணமாக இத்தகைய நிலையில் முதலில் யோசிக்க வேண்டியது, பழைய அடைப்பை எடுத்துவிட்டு ரூட் கனாலை மறுபடியும் செய்வது. பெரும்பாலோருக்கு அதுவே போதும். என் விஷயத்தில் வேருக்குள் நிறுத்தியிருந்த அந்த உலோகத் தண்டு குறுக்கே நின்றது. அதைப் பெயர்த்தெடுத்தால் வேர் பிளந்து போகலாம். வேர் பிளந்தால் பல் போயிற்று. "முன்வாசல் வழியாகப் போக முடியவில்லை, சார். கொல்லை வாசல் வழியாகப் போகலாம்" என்றார் டாக்டரம்மாள். அதாவது, ஈறைத் திறந்து, எலும்பில் சிறு ஜன்னல் வைத்து, வேரின் கெட்டுப்போன நுனியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, வெட்டுவாயை அடைக்க வேண்டும். இதற்கு அபிகோயெக்டமி என்று பெயர். நாம் வேர்நுனி ரண சிகிச்சை என்று சொல்லலாம்.

இந்தச் செய்தி வீட்டில் பரவியதும் ஒரு மந்திராலோசனை சபை கூடிற்று. கும்பகோணத்திலிருந்து என் அக்காள் வந்திருந்தாள். "ஒரு பல்லுக்காக எலும்பை வெட்டுவதாவது! என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி நாலு வருஷமாயிற்று, எனக்கு என்ன குறைந்துவிட்டது?" என்றாள். என் சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். செத்த பல்லை வாயில் வைத்திருப்பதே தவறு, அதன் விஷம் இரத்தத்தில் கலந்து இருதயத்தையும் மூட்டுக்களையும் மூளையையும் கெடுத்துவிடும் என்று எங்கேயோ படித்ததாகச் சொன்னார்.

சித்தப்பாவின் வாதம் அவருடையதல்ல. அதற்கு ஒரு பழைய, சோகமான சரித்திரம் உண்டு. 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் வைத்தியர் கனடா தேசத்து மாண்ட்ரியால் நகரம் சென்று மக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். தங்க உறைகளுக்குக் கீழே சீழை மூடி வைத்து அழகு பார்க்கிறார்கள், பல வியாதிகளுக்கு மூலம் இதுவே என்று பல் வைத்தியர்களைக் கடுமையாகத் தாக்கினார். அக்காலத்து அரைகுறை வேலைகளைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் பேச்சைக் கேட்டவர்கள் அளவு கடந்து போனார்கள். மூட்டு வலியா, வயிற்றுப் புண்ணா, மனச்சோர்வா? பல்லைப் பிடுங்கு! நியூஜெர்ஸி மாகாணத்து டிரென்டன் நகரில் அரசாங்க மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த ஹென்றி காட்டன் என்பவர், பைத்தியத்துக்குக் காரணம் உடம்பில் ஒளிந்திருக்கும் சீழே என்று உறுதியாக நம்பி, நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கினார். அதிலும் குணமாகாதவர்களுக்குத் தொண்டைச் சதையையும், பிறகு பெருங்குடலின் பகுதியையும் எடுத்தார். குடல் சிகிச்சை செய்துகொண்டவர்களில் அநேகர் இறந்தார்கள். நம்பிக்கையில் கபடம் இல்லை. தம் பற்களையும் அவர் பிடுங்கிக்கொண்டார். 1930-களுக்குப் பிறகு இந்தக் கொள்கையின் செல்வாக்குத் தேய்ந்தது. பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு வியாதி தீரவில்லை என்பது கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. பல் மட்டும் திரும்பி வரவில்லை.

ஆகவே சித்தப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: சீழை வாயில் வைத்திருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சீழ் போக வேண்டும். பல்லும் கூடவே போகவேண்டும் என்று யார் சொன்னது? அவர் சமாதானமாகவில்லை. காப்பி வந்ததால் விவாதம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆனால் எனக்குள்ளேயே சமாதானம் இருந்ததா என்றால், இல்லை. மறுநாள் தனியாகப் போய் டாக்டரம்மாளிடம் நேராகக் கேட்டேன்: "நூற்றுக்கு எத்தனை மார்க், அம்மா?"

அவர் சிரிக்கவில்லை. இந்தச் சிகிச்சை புதியதல்ல என்று தொடங்கினார். 1880-களிலேயே அமெரிக்காவில் ஜான் பாரர் என்பவர் வேர் நுனியை வெட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறகு ஜெர்மனியில் கார்ல் பார்ட்ஷ் அதை ஒழுங்கான முறையாக்கினார். நூறு வருஷ காலம் வெறுங் கண்ணால் பார்த்து, வேரைச் சரிவாக வெட்டி, பாதரசக் கலவையால் அடைத்து வந்தார்கள். 1990-களில்தான் நிலைமை மாறிற்று. நுண்ணோக்கி வந்தது; ஒலியதிர்வால் வேலை செய்யும் மெல்லிய கருவி முனைகள் வந்தன; கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தோராபினெஜாட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எம்.டி.ஏ. என்ற புதிய அடைப்புப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். முன்பு நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டு 2010-ல் வெளியான ஒரு கட்டுரையில், பழைய முறையில் வெற்றி 100-க்கு 59 என்றும், புதிய முறையில் 94 என்றும் கண்டிருக்கிறதாம்.

"94 என்பது நல்ல மார்க்குதான், சார். ஆனால் அது தேர்ந்த கைகள் செய்தது. ஓரிரண்டு வருஷம் பார்த்து எழுதியது. காலம் போகப் போகக் கொஞ்சம் குறையும். உங்களுக்குச் சுமார் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"மீதிப் பத்தில் நான் ஒருவனாயிருந்தால்?"

"இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேரில் விரிசல் இருந்தால் எக்ஸ்-ரேயில் தெரியாமலிருக்கலாம். ஈறைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நிச்சயமாகும். விரிசல் தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பல்லை எடுத்துவிடுவேன். அதற்கும் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்."

கையெழுத்துப் போடுவதற்கு நான்கு நாள் அவகாசம் கேட்டேன். பல்லோடு எழுந்திருப்பேனா, பல்லில்லாமல் எழுந்திருப்பேனா என்று தெரியாமல் நாற்காலியில் போய்ச் சாய்வது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நான்கு இரவும் எனக்குச் சரியான தூக்கமில்லை. ஆனால் இந்தக் கேள்வியை அவர் முன்கூட்டியே என்னிடம் கேட்டதனாலேயே எனக்கு அவரிடம் நம்பிக்கை உண்டாயிற்று. எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன்.

சிகிச்சைக்கு முன்பு அவர் கேட்ட கேள்விகளை, என்னைப் போன்ற நிலையிலிருக்கும் நேயர்களுக்காகக் குறித்து வைக்கிறேன். சர்க்கரை வியாதி உண்டா, அது கட்டுக்குள் இருக்கிறதா? இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா? இருதய வால்வில் கோளாறு உண்டா? எலும்பு பலத்துக்கென்று ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டீர்களா? இவற்றில் எதற்கேனும் விடை 'ஆம்' என்றிருந்தால் சிகிச்சையே கூடாது என்பதில்லை. ஆனால் மறைத்தால் ஆபத்து. இரத்த மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருவது அதைவிட ஆபத்து. முப்பரிமாண எக்ஸ்-ரே ஒன்றும் எடுத்தார்கள். வேரின் நுனிக்கும் மூக்கின் அடித்தளத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது அதில் தெரியுமாம். மேல் கடைவாய்ப் பற்களானால் கன்ன எலும்பின் குடைவையும், கீழ்ப் பற்களானால் உதட்டுக்குப் போகும் நரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை போனேன். மரத்துப்போகும் ஊசி போட்டதுதான் நோவு. அதற்குப் பிறகு நோவு என்பதே இல்லை. இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தன. தண்ணீர் பீச்சும் சத்தமும் கேட்டது. கண்ணைத் துணியால் மூடியிருந்தார்கள். ஆனால் அவர் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வகுப்பில் வாய் ஓயாமல் பேசினாள் என்று நான் குற்றஞ்சாட்டிய பெண் அல்லவா! அன்று அந்தப் பேச்சு எனக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது.

ஈறைப் பல்லோரமாக அறுத்து மடல் போல் மேலே தூக்கினார். எலும்பைத் துளைக்க வேண்டிய வேலை அதிகமில்லை. சீழே ஏற்கெனவே பாதி துளைத்து வைத்திருந்ததாம். உள்ளேயிருந்த கெட்ட சதையைச் சுரண்டியெடுத்துப் பரிசோதனைக்கென்று புட்டியில் போட்டார். பிறகு வேரின் நுனியில் 3 மில்லிமீட்டர். அந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு: நுனியிலிருந்து அவ்வளவை வெட்டினால், நான் முன்பு சொன்ன டெல்டாவின் கிளைகளில் 100-க்கு 98 பங்கு போய்விடுகிறது. முன்பல்லின் வேர் சுமார் 13 மில்லிமீட்டர் நீளம், 10 மிஞ்சும். பல் நிற்க அது போதும்.

வெட்டிய முகத்தில் நீலச் சாயம் தடவினார். விரிசல் இருந்தால் சாயம் அதில் இறங்கி நீலக்கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது மட்டும் அவர் பேச்சை நிறுத்தினார். நுண்ணோக்கியைச் சரிசெய்யும் சிறு சத்தம் கேட்டது. எத்தனை நேரம் ஆயிற்றென்று எனக்குத் தெரியாது. அரை நிமிஷமாகத்தான் இருக்கும். பரீட்சை முடிவுப் பலகைக்கு முன்னால் நிற்கும் பையன்களை நான் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"விரிசல் இல்லை, சார்" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் விரைவாக முடிந்தது. வெட்டுவாயிலிருந்து குழாய்க்குள்ளே 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுத்தம் செய்து, எம்.டி.ஏ.யால் அடைத்தார். இந்தப் பொருளைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டைச் சுத்தப்படுத்தி, எக்ஸ்-ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்ஸைடைச் சேர்த்தது அது. மற்ற அடைப்புப் பொருள்களுக்கு ஈரம் பகை. சிமெண்டோ ஈரத்தில்தான் இறுகும். இரத்தமும் நீரும் ஊறும் எலும்புக் குழியில் அடைப்பதற்கு இதைவிடப் பொருத்தமானது எது? கொத்தனார் வேலையை இவ்வளவு சிறிய இடத்தில் செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை. தையல் போட்டு எழுந்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று முழுவதும் கன்னத்தின்மேல் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்து வைத்து எடுத்தேன். இரண்டாம் நாள் மேலுதடு வீங்கி என் முகம் எனக்கே அந்நியமாயிற்று. மூன்றாம் நாள் கண்ணுக்குக் கீழே கருநீலம் பரவிற்று. பள்ளியில் இதற்கு வேறு விளக்கங்கள் உலவியதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். உதட்டைத் தூக்கித் தையலைப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு முறை பார்த்துவிட்டேன். குளோரெக்ஸிடின் தண்ணீரால் வாய் கொப்பளிப்பது, ரசஞ்சாதம், ஐந்தாம் நாள் தையல் பிரிப்பு. புட்டியில் அனுப்பிய சதையில் கெட்ட வியாதி ஒன்றுமில்லை, நாட்பட்ட சீழால் உண்டானதுதான் என்று பத்தாம் நாள் அறிக்கை வந்தது.

என் அக்காளை நான் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. அவளுடைய பல்லின் விருத்தாந்தத்தை விசாரித்தேன். நான்கு வருஷத்துக்கு முன் அவளுடைய கீழ்க் கடைவாய்ப் பல்லிலும் இதே மாதிரிக் கொப்புளம் வந்திருக்கிறது. ஆனால் டாக்டர் ஈறோரத்தில் அளவுக்கம்பியை வைத்துப் பார்த்தபோது, சுற்றிலும் சரியாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் அது சரேலென்று ஆழமாக இறங்கியிருக்கிறது. வேர் நெடுகப் பிளந்திருப்பதற்கு அது அடையாளம். அத்தகைய பல்லுக்கு எந்த ரண சிகிச்சையும் உதவாது. பிடுங்கியதுதான் சரி. ஈறு வியாதியால் ஆடிப்போன பல்லுக்கும், மேலே உறை நிற்க இடமில்லாமல் சொத்தை தின்றுவிட்ட பல்லுக்கும் அப்படியே. அக்காளுக்குச் சொன்ன வைத்தியம் அக்காளுக்குச் சரி. அதை அவள் எனக்கும் கொடுத்ததுதான் தவறு. வேறு பல், வேறு வேர்.

செலவைப்பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பல்லைப் பிடுங்கிவிட்டு எலும்பில் திருகு பதித்துச் செயற்கைப் பல் வைப்பதைவிட எனக்குக் குறைவாகவே ஆயிற்று. தனியாரிடம் போக இயலாதவர்கள், அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் வேர்ச் சிகிச்சைக்கென்றே தனிப் பகுதி இருப்பதை நினைவில் வைத்துக்கொள்வது நலம். அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும். எங்கே போனாலும், பிடுங்கச் சம்மதிப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: "ரூட் கனாலை மறுபடியும் செய்ய முடியுமா? முடியாதென்றால், வேர் நுனியை மட்டும் எடுக்க முடியுமா?" இரண்டுக்கும் 'முடியாது' என்ற விடை வந்தால், ஏன் என்று மூன்றாவதாகக் கேட்கலாம். நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கொப்புளம் பிறகு வரவில்லை. ஆறாம் மாதத்தில் எடுத்த படத்தில் கரிய வட்டம் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஓரங்களிலிருந்து எலும்பு நெசவு போல உள்நோக்கி வளர்ந்திருப்பதை டாக்டரம்மாள் பென்சில் முனையால் சுட்டிக் காட்டினார். இன்னும் முழுவதும் நிரம்பவில்லை. வருஷம் முடிந்த பிறகே தீர்ப்பு என்றார். அடுத்த படம் ஆவணியில் எடுக்க வேண்டும். அக்காளும் அப்போது வருவதாக எழுதியிருக்கிறாள்.